நாற்பது ஓகே

பென்கோ மூக்கில் முதல் குத்து வாங்கியபோது மணி மூன்று பத்து.

குத்தியவன் பெயர் ராய்கோ. இறைச்சி வெட்டுகிறவன், விரல் இடுக்குகளில் பன்றி ரத்தம் காய்ந்திருந்தது. பென்கோ இரண்டடி பின்னால் போனான். மூக்கைத் தொட்டுப் பார்த்தான். விரலில் வந்த சிவப்பைத் தன் சட்டையில் துடைக்க மனமில்லாமல் ராய்கோவின் சட்டையில் துடைத்தான். பிறகு ராய்கோவின் முழங்காலுக்குக் கீழே ஓர் உதை. ராய்கோ கிடங்கின் இரும்புக் கதவில் முதுகு உரச, அங்கே ஒட்டியிருந்த மரண அறிவிப்பையும் கிழித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தான்.

“விருந்தாளிய வாசல்லயே அடிக்கிற வீட்ட இன்னிக்குத்தான் பாக்குறேன்,” என்றான் பென்கோ. “வாங்கக்கா. வழி விட்டுட்டாரு.”

நெவேனா தராலோவா ராய்கோவின் கால்களைத் தாண்டி உள்ளே போனாள். ஐம்பத்திரண்டு வயது. பதினெட்டு வருடம் தொலைபேசி நிலையத்தில் கணினிகளைப் பராமரித்துவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவள். பென்கோ முன்னாள் குத்துச்சண்டைக்காரன். ஏழு வருடமாக அவளுக்குக் காரோட்டி, காவல், தேவையில்லாத இடத்தில் வாய்.

அவளிடம் ஐம்பது நிமிடம் இருந்தது. பல்கேரியாவின் எல்லையூரான ரூசேயின் ஆற்றுத் துறைமுகத்துக்குப் பின்னாலிருக்கும் இந்த இறைச்சிக் குளிர்பதனக் கிடங்கின் மூன்றாம் எண் அறையில், மைனஸ் இருபத்திரண்டு டிகிரியில், ஒற்றைச் சட்டையோடு ஒருவனைப் பூட்டி வைத்திருந்தார்கள். பெயர் ஸ்பாஸ். வயது முப்பது. நான்கு மணிக்குள் அவன் குற்றமற்றவன் என்று நெவேனா காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கதவு திறக்காது.

நடந்தது இதுதான். கிடங்கு அண்ணன் தம்பி இருவருக்குச் சொந்தம். மூத்தவன் மனோல், இளையவன் ஜெலியாஸ்கோ. போன ஞாயிறு நண்பகலில் ஜெலியாஸ்கோ அதே மூன்றாம் எண் அறையில் செத்துக் கிடந்தான். குளிரூட்டும் அம்மோனியா அறைக்குள் கசிந்து அவன் நுரையீரலை வேகவைத்திருந்தது. விழுந்த வேகத்திலோ என்னவோ, பின்மண்டையும் உடைந்திருந்தது. வாயு கசிந்தால் சங்கு ஊதி, எல்லா அறைக் கதவுகளையும் தானே திறந்துவிட வேண்டிய கணினி அன்று வாயே திறக்கவில்லை. அந்தக் கணினிக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவன் ஸ்பாஸ். விபத்து, இயந்திரக் கோளாறு என்று போலீஸ் எழுதிக்கொண்டது.

இன்று மதியம் மனோல் தன் சித்தப்பா மகன்கள் வல்கோவையும் ராய்கோவையும் கூட்டிக்கொண்டு ஸ்பாஸின் வீட்டுக்குப் போனான். கதவை உடைத்தார்கள். அவன் விலா எலும்பில் இரண்டை உடைத்தார்கள். காரில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஸ்பாஸின் அக்கா தெமெனுகா செருப்பில்லாமல் ஓடிவந்து நெவேனாவின் அலுவலகக் கதவைத் தட்டினாள். போலீஸைக் கூப்பிட வழியில்லை. வாசலில் ஒரு சீருடை தெரிந்தாலும் மூன்றாம் எண் அறையின் அம்மோனியாக் குழாயைத் திறந்துவிடுவதாக மனோல் சொல்லியிருந்தான்.

நெவேனாவை உள்ளே விடச் சொன்னவன் வல்கோ. மலைக்கிராமத்து ஆள், குறைவாகப் பேசுகிறவன். ஒரு உயிரை எடுக்கும் முன்னால் கணினி தெரிந்த யாராவது ஒருவர் அதைப் பார்த்துச் சொல்லட்டும் என்பது அவன் கட்சி. ரத்த உறவுக்காரன் கேட்டதை மனோலால் மறுக்க முடியவில்லை.

மனோல் நடைக்கூடத்தில் நின்றிருந்தான். சட்டையில் துக்கத்துக்குக் குத்திய கறுப்பு ரிப்பன், கையில் இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி. அவனுக்குப் பக்கத்தில் மூன்றாம் எண் அறையின் கதவு. அதிலிருந்த வட்டக் கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது. பென்கோ முன்கையால் அதைத் தேய்த்தான். உள்ளே ஸ்பாஸ் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு, தொங்கும் பன்றி உடல்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தான். ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தான். வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

“சட்டையையும் உருவிட்டே அனுப்பியிருக்கலாம்,” என்றான் பென்கோ. “மத்ததெல்லாம் தோலு இல்லாம தொங்குது, இவனுக்குச் சங்கடமா இருக்கும்.”

மனோல் துப்பாக்கிக் கட்டையால் அவன் வயிற்றில் இடித்தான். பென்கோ குனிந்து, நிமிர்ந்து, இரும்பு ருசி வந்த எச்சிலை விழுங்கினான்.

கட்டுப்பாட்டு அறை நடைக்கூடத்தின் கடைசியில். கதவில் பெரிய பூட்டு. அதற்கு மேலே அச்சடித்த ஒரு தாள். தன் அனுமதியில்லாமல் இந்த அறையை யாரும் திறக்கக் கூடாது என்று மனோல் பெயரில் பெரிய பெரிய பல்கேரிய எழுத்துகளில் இருந்தது. நெவேனா அதை நிதானமாகப் படித்தாள். நன்றாக அடித்திருக்கிறீர்கள், ஒரு பிழைகூட இல்லை என்று பாராட்டினாள்.

மனோல் அதைச் சாதாரணமாக ஏற்றுக்கொண்டான். “நானேதான் அடிச்சேன். இந்த ரூம்லயே. ஞாயித்துக்கிழமை தம்பியக் கண்டெடுத்ததும், எவனும் இதுல கைவைக்கக் கூடாதுன்னு அடிச்சு ஒட்டிப் பூட்டினேன். போலீஸ்கூட எம் முன்னாடி திரையப் படம் புடிச்சதோட சரி.” பிறகு கொஞ்சம் பெருமையாக: “நம்ம எழுத்த ஒழுங்கா எழுதுற கடைசித் தலைமுறை நாங்கதான். உள்ள இருக்கானே, அவனெல்லாம் பெத்த தாய்க்கே லத்தீன் எழுத்துல சேதி அனுப்புற ஜாதி.”

அது உண்மை. வரும் வழியில் தெமெனுகாவின் கைபேசியில் ஸ்பாஸ் அனுப்பியதையெல்லாம் நெவேனா பார்த்திருந்தாள். பல்கேரியப் பேச்சு, லத்தீன் எழுத்து, நடுநடுவே ‘ச’வுக்குப் பதிலாக 4 என்ற எண். இவன் வீட்டுச் சேதியைப் படிக்கக் கால்குலேட்டர் வேண்டும் போல என்று அப்போதே பென்கோ சொல்லியிருந்தான்.

மணி மூன்று பதினெட்டுக்கு மனோல் பூட்டைத் திறந்துவிட்டான். நெவேனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதல் கட்டளையை அடித்தாள். திரையில் அது பல்கேரிய எழுத்தில் விழுந்தது. கணினி புரியவில்லை என்றது. இந்த ஊரில் கணினி வைத்திருக்கும் எல்லோருக்கும் நாளைக்கு நூறு தடவை நடப்பதுதான். ஒரே விசைப்பலகை, இரண்டு எழுத்து. வீட்டுக்குக் கடிதம் எழுதப் பல்கேரியம், கணினிக்குக் கட்டளை கொடுக்க லத்தீன். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மாறிக்கொள்ளும். அழுத்த மறந்தால் இப்படி. நெவேனா அழுத்தி மாற்றினாள். ஸ்பாஸ் எழுதிய ஸ்கிரிப்டைத் திறந்தாள்.

ஸ்கிரிப்ட் என்பது பெரிய மாயமில்லை. கணினி வரிசையாகச் செய்ய வேண்டியதை எழுதிவைத்த ஒரு சீட்டு. ஸ்பாஸின் சீட்டில் இருபத்திரண்டு வரி. அதற்குத் தானாக வாயுவை மோப்பம் பிடிக்கத் தெரியாது. அந்த வேலைக்கு ஜெர்மனியிலிருந்து வாயு அளக்கும் மீட்டரோடு வந்த வேறொரு நிரல் இருந்தது. ஸ்கிரிப்ட் நிமிடத்துக்கு ஒருமுறை அந்த நிரலைக் கூப்பிட்டு ‘போய்ப் பார்த்துச் சொல்’ என்று அனுப்பும். அது திரும்பிவந்து சொல்லும் சொல்லைத் தரையில் சிந்தவிடாமல் ஒரு டப்பாவில் பிடித்துக்கொள்ளும். பிடித்த சொல்லைத் தன்னிடம் இருக்கும் OK என்ற சொல்லோடு வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். இரண்டும் ஒன்றென்றால் பேசாமல் இருக்கும். ஒரு எழுத்து மாறினாலும் சங்கு, கதவு. எதுவானாலும் பிடித்த சொல்லை நேரத்தோடு குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவைக்கும்.

இதில் அவசரக்காரர்கள் விழும் குழிகள் உண்டு. வெளியிலிருந்து கூப்பிடும் எந்த நிரலுக்கும் இரண்டு வாய். பதிலை ஒரு வாயால் சொல்லும், புலம்பலை இன்னொரு வாயால். பதில் வாயில் மட்டும் டப்பாவை வைத்தால் புலம்பல் காற்றோடு போய்விடும். ஸ்பாஸ் இரண்டு வாய்க்கும் சேர்த்து ஒரே டப்பாவை வைத்திருந்தான். தவிர, எந்த நிரலும் வேலை முடிந்து போகும்போது ஒரு எண்ணை விட்டுவிட்டுப் போகும். பூஜ்யம் என்றால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வேறு எண் என்றால் ஏதோ வில்லங்கம். ஸ்பாஸ் சொல்லையும் பார்த்தான், எண்ணையும் பார்த்தான்.

நெவேனா இதையெல்லாம் திரையில் விரல் வைத்து வல்கோவுக்குப் பொறுமையாகச் சொன்னாள். வல்கோ புரிந்துகொண்டான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

“பூஜ்யம்னா நல்லதா?” என்றான் பென்கோ. “எங்கப்பா எம் மார்க்கப் பாத்துட்டு ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லயே.”

ஸ்கிரிப்ட் சரியாக இருந்தது. கணினியிலிருந்து சங்குக்கும் கதவுப் பூட்டுகளுக்கும் போகும் ஒற்றைக் கேபிளும் பெட்டியில் ஒழுங்காகச் செருகியிருந்தது. நெவேனா குறிப்பேட்டைத் திறந்தாள். ஞாயிறு, பன்னிரண்டு மணி பதினோரு நிமிடம். OK என்று இருந்தது. அடுத்த நிமிடமும் அதே. அதற்கடுத்ததும். பன்னிரண்டு ஐம்பது வரை ஜெலியாஸ்கோ செத்துக்கொண்டிருந்த நாற்பது நிமிடமும் வரிசையாக அதே சொல்.

“பாத்தியா?” மனோல் துப்பாக்கி முனையால் திரையைத் தட்டினான். “எந்தம்பி உள்ள வெந்துக்கிட்டிருக்கான். இது ஓகே ஓகேன்னு எழுதிக்கிட்டிருக்கு. இதுக்குமேல என்ன துப்பறியணும்?”

சீட்டு சரி, விளைவு தப்பு. மணி மூன்று முப்பத்திரண்டு. பென்கோ நடைக்கூடத்துக்குப் போய்க் கண்ணாடியைத் தேய்த்துப் பார்த்துவிட்டு வந்தான். அவன் முகத்தில் கிண்டல் இல்லை. ஸ்பாஸ் நடப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னான்.

இந்த அறைக்கு யார் யாரிடம் சாவி இருந்தது என்று நெவேனா கேட்டாள். ஞாயிறு வரை நான்கு சாவி. ஸ்பாஸிடம் ஒன்று, மனோலிடம் ஒன்று, மேலாளர் ஓவிதியுவிடம் ஒன்று. நான்காவது ஜெலியாஸ்கோவுடையது, அது அவன் பிணத்தின் சட்டைப்பையிலேயே இருந்தது.

மேலாளர் பெயரைக் கேட்டதும் வாசலில் நொண்டிக்கொண்டிருந்த ராய்கோவுக்கு வேலை கிடைத்துவிட்டது. அவன் அலுவலக அறைக்குப் போய் ஓவிதியுவைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துவந்து தரையில் போட்டான். ஓவிதியு ஆற்றுக்கு அக்கரை ருமேனியாக்காரர். பாலத்தைத் தாண்டி இங்கே வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. பல்கேரியப் பேச்சு கொஞ்சம் புரியும். எழுத்து ஒன்றும் தெரியாது, கடைப்பலகை படிக்கக்கூட ஆள் வேண்டும்.

ராய்கோ அவர் மார்பில் முழங்காலை ஊன்றினான். “கம்ப்யூட்டர நோண்டினியா?”

ஓவிதியு பயத்தில் தலையை வேகமாக இடவலமாக ஆட்டினார்.

ராய்கோ அவர் வாயில் குத்தினான். ஒரு பல் தெறித்து மேஜைக்காலில் பட்டது. “நீதான் அவனக் கொன்னியா?”

ஓவிதியு இன்னும் வேகமாக இடவலமாக ஆட்டினார். ராய்கோ இன்னும் வேகமாகக் குத்தினான். மூன்றாவது குத்துக்குக் கை ஓங்கியபோது பென்கோ பின்னாலிருந்து அவன் சுண்டுவிரலைப் பிடித்துப் புறங்கைப் பக்கம் மடக்கினான். சுள்ளி ஒடிந்த சத்தம் வந்தது. ராய்கோ ஊளையிட்டான்.

“டேய் மலைமாடு,” என்றான் பென்கோ. “அந்தாளு இல்ல, இல்லன்னு ஆட்டுறாருடா. நமக்குத்தான் பக்கவாட்டுல ஆட்டினா ஆமா. பாலத்துக்கு அந்தப் பக்கம் அதுக்கு இல்லன்னு அர்த்தம். நீ கேக்கக் கேக்க மனுசன் மறுத்துக்கிட்டே அடிவாங்குறாரு.”

வல்கோ தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிச் சுவரோரம் நிறுத்தினான். ஓவிதியு மூலையில் சுருண்டு வாயைப் பொத்திக்கொண்டார். அவர் விரல்களுக்கிடையில் ரத்தம் நூலாக இறங்கியது.

நெவேனா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஆட்டல். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. ஆற்றின் எந்தக் கரையில் பிறந்தது என்பதைப் பொறுத்து அர்த்தம் தலைகீழ்.

அவள் விசைப்பலகை பக்கம் திரும்பினாள்.

ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது நிமிடம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மொத்தம் எத்தனை வரி இருக்கிறது என்று கணினியைக் கேட்டாள். ஆயிரத்து நானூற்று நாற்பது என்றது. ஒரு நிமிடமும் விடுபடவில்லை. அதில் OK என்று முடியும் வரிகள் எத்தனை என்று கேட்டாள்.

ஆயிரத்து நானூறு என்றது.

நெவேனா நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்து ஒரு சின்னச் சத்தம் எழுப்பினாள். ஏழு வருடத்தில் பென்கோ அந்தச் சத்தத்தை நான்கு முறைதான் கேட்டிருக்கிறான். அவன் குனிந்து திரையைப் பார்த்தான். OK என்று முடியாத மிச்சம் நாற்பது வரிகளைக் காட்டு என்று அவள் கேட்டிருந்தாள். கணினி காட்டியது. பன்னிரண்டு பதினொன்றில் தொடங்கி பன்னிரண்டு ஐம்பது வரை நாற்பது வரி. ஒவ்வொன்றின் கடைசியிலும் ОК.

“அக்கா,” என்றான் மெதுவாக. “மூக்குல வாங்கினதுல கண்ணும் வீங்கியிருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா இது ஓகேதானே?”

நெவேனா மனோலிடம் திரும்பினாள். அவள் குரலில் ஒரு வகுப்பு ஆசிரியையின் நிதானம் வந்திருந்தது. பன்னிரண்டு இருபதுக்கு என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள் என்றாள்.

“ஓகே.”

அந்தச் சொல்லையே மீட்டர் சொன்னது போல ஸ்கிரிப்டின் காதில் ஓதினால் ஸ்கிரிப்ட் என்ன செய்யும் என்று கேட்டாள்.

“சும்மா கெடக்கும். அன்னிக்கும் அதானே செஞ்சது?”

“சும்மா கெடந்தா நான் எந்திரிச்சுப் போயிடறேன்,” என்றாள் நெவேனா. “நாலு மணி வரைக்கும்கூட நீங்க காத்திருக்க வேணாம்.”

மனோல் சிரித்தான். வல்கோ சிரிக்கவில்லை, கதவுக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டான். மணி மூன்று நாற்பத்தேழு.

நெவேனா செய்தது சின்ன வேலை. மீட்டர் நிரலை ஓரமாக எடுத்துவைத்தாள். அதே பெயரில் இரண்டே வரியில் ஒரு டம்மி நிரல் எழுதினாள். குறிப்பேட்டிலிருந்து அவள் காட்டும் வரியின் கடைசிச் சொல்லை எடுத்து அப்படியே ஒப்பிக்கும். பூஜ்யத்தை விட்டுவிட்டுப் போகும். அவ்வளவுதான். ஸ்கிரிப்டில் அவள் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. தொடவில்லை என்பதை வல்கோவுக்குத் திரையில் காட்டினாள்.

முதலில் ஞாயிறு காலை பதினோரு மணி வரி. அந்த நேரத்தில் ஜெலியாஸ்கோ உயிரோடு இருந்தான். அவள் விசையை அழுத்தினாள். டம்மி ஒப்பித்தது. ஸ்கிரிப்ட் பிடித்தது, ஒப்பிட்டது, பேசாமல் இருந்தது. நடைக்கூடத்தில் குளிர்யந்திரத்தின் உறுமல் மட்டும்.

“ஆச்சா?” என்றான் மனோல்.

“இன்னும் ஒண்ணு,” என்றாள் நெவேனா. “பன்னிரண்டு இருபது.”

அழுத்தினாள்.

சங்கு ஊதியது. கிடங்கே அதிர்ந்தது. ராய்கோ ஒடிந்த விரலை மறந்து இரண்டு காதையும் பொத்தினான். அந்த ஊளைக்குள்ளே தடக், தடக், தடக் என்று ஆறு அறைகளின் பூட்டுகளும் ஒவ்வொன்றாகத் தாமே விடுபடும் சத்தம் கேட்டது. மூன்றாம் எண் அறைக் கதவு வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு திறந்தது.

முதலில் ஓடியவன் வல்கோ. ஸ்பாஸைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவந்தான். ஸ்பாஸின் புருவத்தில் பனி ஒட்டியிருந்தது. காது நுனிகள் வெளுத்துப்போயிருந்தன. வல்கோ தன் ஆட்டுத்தோல் கோட்டைக் கழற்றி அவன் மேல் போர்த்தினான். நெவேனா சங்கை நிறுத்தினாள். வந்த அமைதியில் ஸ்பாஸின் பற்கள் தந்தியடிப்பது கேட்டது.

“உங்க கண்ணுக்கு ரெண்டும் ஓகே,” என்றாள் நெவேனா. “கணினிக்கு இல்ல. மொதல்ல ஓதினது லத்தீன் ஓகே. ரெண்டாவது நம்ம பல்கேரிய எழுத்துல ஓகே. ரெண்டு எழுத்தும் பாக்க இரட்டைப் பிள்ளைங்க மாதிரி. ஆனா கணினிக்குள்ள ஒவ்வொண்ணுக்கும் வேற வேற எண். அது எண்ணத்தான் பாக்கும். மூஞ்சியப் பாக்காது. ஜெர்மன் மீட்டருக்கு நம்ம எழுத்து தெரியவே தெரியாது. அப்ப இந்த நாப்பது சொல்லையும் மீட்டர் சொல்லல.”

வல்கோ கேட்டான்: “பின்ன?”

“கையால அடிச்சது. அன்னிக்கு மீட்டர் அபாயம்னுதான் சொல்லிச்சு, நாப்பது தடவ. ஸ்கிரிப்டும் சங்க ஊதச் சொல்லிச்சு. ஆனா அந்தக் கேபிளப் பெட்டியிலேர்ந்து யாரோ உருவிட்டாங்க. ஜெலியாஸ்கோ மண்டையில அடிச்சு உள்ள போட்டு, குழாயத் தொறந்து, எல்லாம் முடிஞ்சப்புறம் கேபிள மறுபடி செருகிட்டாங்க. குறிப்பேட்டுல அபாயம்னு இருந்தா, சங்கு ஏன் ஊதலன்னு போலீஸ் கேக்கும், கொலைன்னு தெரிஞ்சிடும். ஓகேன்னு இருந்தா ஸ்கிரிப்ட் எழுதினவன் மேல பழி போகும். அதான் அபாயத்த எடுத்துட்டு ஓகேவப் போட்டாங்க. போடுறப்போ விசைப்பலகை பல்கேரியத்துல இருந்தத மறந்துட்டாங்க.”

பென்கோ விரல் விட்டு எண்ணினான். “சாவி மூணு பேருகிட்ட. இந்தப் பனிப்பொம்மைக்கு லத்தீன் தவிர வேற எழுத்து வராது. அந்த மூலையில இருக்கிற சாருக்கு நம்ம எழுத்து மொத்தமா வராது.” மூன்றாவது விரலை அவன் மடக்கவில்லை. கதவில் ஒட்டியிருந்த தாளை நோக்கி நீட்டினான். “ஒரு பிழைகூட இல்லாம அடிச்சிருக்காருல்ல.”

“ஞாயித்துக்கிழமை கடைசியா இந்த விசைப்பலகையில உக்காந்தவரு பல்கேரியத்துல விட்டுட்டுப் போயிருக்காரு,” என்றாள் நெவேனா. “நான் இன்னிக்கு உக்காந்தப்போ அப்படியேதான் இருந்துச்சு. நோட்டீஸ் அடிச்சது யாருன்னு நான் கேக்கக்கூட இல்ல. அவரா சொன்னாரு.”

கோட்டுக்குள்ளிருந்து ஸ்பாஸ் பேச முயன்றான். சொற்கள் துண்டு துண்டாக வந்தன. சனிக்கிழமை ஜெலியாஸ்கோ அவனிடம் மனோல் அனுப்பிய ஒரு லாரியின் வெப்பக் குறிப்பைக் கேட்டிருந்தார். பன்றி இறைச்சி ஏற்றியதாகக் கணக்கு. ஆனால் பாலத்தைத் தாண்டும்போது உள்ளே சூடு ஏறியிருந்தது. உள்ளே ஆட்கள் ஒளிந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் மூச்சுமுட்டிச் செத்துப்போனார்கள். திங்கட்கிழமை போலீஸுக்குப் போகப்போவதாக ஜெலியாஸ்கோ சொல்லியிருந்தார்.

“முன்னாடியே ஏன்டா சொல்லல?” என்றான் பென்கோ.

“எ... என் ஸ்கிரிப்ட்தான் அவரக் கொன்னுடுச்சுன்னு நெனச்சேன்,” என்றான் ஸ்பாஸ். “நாலு நாளா அந்த இருபத்திரண்டு வரியத்தான் மனசுக்குள்ள படிச்சுக்கிட்டிருந்தேன். வேற எதுவும் தோணல.”

வல்கோ மெல்ல நிமிர்ந்தான். “திங்கக்கிழமை ஒரு எடத்துக்குப் போகணும், கூட வான்னு எங்கிட்டயும் சொன்னான். டாக்டர்கிட்டன்னு நீ சொன்னியேண்ணே.”

மனோலின் துப்பாக்கி நெவேனாவின் முகத்துக்கு உயர்ந்தது.

பென்கோ ஏற்கெனவே நகர்ந்திருந்தான். சுவரில் தொங்கிய தீயணைப்பு உருளையைக் கொக்கியோடு பிடுங்கி, அதே வீச்சில் மனோலின் மணிக்கட்டில் இறக்கினான். முதல் குழல் வெடித்தது; குண்டுமணிகள் திரையைத் தூளாக்கின. நெவேனாவின் கன்னத்தில் கண்ணாடிச் சில்லு கீறி ரத்தம் தாடைக்கு ஓடியது. மனோல் உடைந்த கையை விட்டுவிட்டு இடது கையால் துப்பாக்கியைப் பிடித்தான். இரண்டாவது குழல் கூரையில் வெடித்தது. குழல்விளக்கு உதிர்ந்து எல்லோர் தலையிலும் விழுந்தது. பென்கோ உருளையை இன்னொரு முறை வீசினான். இந்த முறை விலாவில். மனோல் மடிந்து விழுந்தான். அவன் எழுவதற்குள் ராய்கோ அவன் முதுகில் ஏறி உட்கார்ந்து, நல்ல கையால் அவன் தலையைத் தரையோடு ஒருமுறை மோதினான். மோதிவிட்டு அழ ஆரம்பித்தான்.

“விரலுக்கு மன்னிச்சுக்கப்பா,” என்றான் பென்கோ அவனிடம், மூச்சு வாங்கியபடி. “மூக்குக்கு நான் உன்ன இன்னும் மன்னிக்கல.”

நெவேனா கன்னத்தைக் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டு தெமெனுகாவுக்குப் போன் செய்தாள். தம்பி உயிரோடு இருக்கிறான், ஆம்புலன்ஸோடு வா என்று மட்டும் சொன்னாள். பிறகு போலீஸுக்கு. இப்போது சீருடைகள் வரலாம்.

வல்கோ காலி துப்பாக்கியை மூலையில் சாய்த்து வைத்தான். அண்ணனின் உடைந்த மணிக்கட்டின் மேல் பூட்ஸ் காலை வைத்தான்; முழு எடையையும் இன்னும் வைக்கவில்லை. ராய்கோ தலைமயிரைப் பிடித்து மனோலின் முகத்தைத் தரையிலிருந்து தூக்கினான். வல்கோ குரலை உயர்த்தவில்லை.

“ஒரு தடவதான் கேப்பேன். ஜெலியாஸ்கோவ நீதான் கொன்னியா?”

மனோல் கண்ணை மூடிக்கொண்டான். உதட்டில் ரத்தம் நுரைத்தது. வாய் திறக்கவில்லை. தலையை மட்டும் மெல்ல இடப்பக்கம் திருப்பினான், பிறகு வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம்.

“இல்லன்னு சொல்றான்,” என்று மூலையிலிருந்து உடைந்த வாயால் முணுமுணுத்தார் ஓவிதியு.

அந்த அறையில் அப்படிப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.